தெறிப்பும் நிலமும்: மோட்டார்க் கார் நிழற்படத்தின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இலக்கியத்தையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமூக அமைப்பின் பின்னணியில் வைத்து நோக்கும் ஆய்வுமுறை நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. சினிமாவும் அவ்வாறு நோக்கப்படத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வீட்டுச் சுவரிலும் அல்பத்திலும் விளம்பரத் தாளிலும் அன்றாடம் நாம் காணும் நிழற்படத்துக்கு அத்தகைய கவனம் கிடைத்ததாகக் கூறமுடியாது. எந்தக் கோணத்திற் கமராவை வைப்பது, எந்த வெளிச்சத்திற் படமெடுப்பது, எந்த வில்லையைப் பொருத்துவது என்பன கைத்தொழிற் பயிற்சிக்குரிய விடயங்கள், அவற்றுக்கு வரலாறு என ஒன்றில்லை என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதை ஒரு குறிப்பிட்ட பொருளை, அதாவது மோட்டார்க் காரை எடுத்துக்கொண்டு காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கார் படமெடுப்பதற்கு இலகுவான பொருளன்று. மனிதனைப் படமெடுக்கப் பழகியவர்களும் காருக்கு முன்னால் தடுமாறுவர். அத்தடுமாற்றத்திலேயே நாம் தேடும் வரலாறு அடங்கியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், முகத்துவாரக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது கண்ட காட்சியே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. பழைய யப்பானியக் காரொன்றை விற்பதற்காக ஓர் இளைஞர் அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக்கொண்டிருந்தார். கருநிறக் கார், புதிதாய்க் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. அருகிற் பந்து விளையாடிய பிள்ளைகளை ஒதுங்கும்படி கேட்டார். அவர்கள் ஒதுங்கினர். காருக்கு முன்னால் இப்போது எவரும் இல்லை. ஆயினும் காரின் கதவில் அவர்கள் நின்றுகொண்டிருந்தனர். “தம்பிமாரே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கோ” என்றார். பிள்ளைகள் போன இடத்தில் ஒரு மீன் வியாபாரியின் சைக்கிள் தெரிந்தது. அதற்கப்பால் தகரக் கூரைகளின் வரிசையொன்று தெரிந்தது. இளைஞர் காரைச் சிறிது முன்னகர்த்தினார், பின்னகர்த்தினார். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

அவருடைய இடர்ப்பாடு ஒரு பௌதிக உண்மையிலிருந்து பிறந்தது. காரின் மேற்பூச்சு ஓர் ஆடி. அதுவும் தளவாடியன்று, பல திசைகளில் வளைந்த குவிவாடி. தன்னைச் சுற்றியுள்ள வானம், நிலம், சுவர், மரம், மனிதர் ஆகிய யாவற்றையும் சுருக்கித் தன்மீது தாங்கிக்கொள்ளும் இயல்புடையது. காரின் வடிவமென நமது கண் கொள்வது பெரும்பாலும் அதன்மீது வீழ்ந்த தெறிப்புகளின் ஒழுங்கையே. கதவின் குறுக்கே ஓடும் தொடுவானக் கோடு நேராக இருந்தால் கார் நீண்டு தோன்றும். அக்கோட்டை ஒரு மரமோ மின்கம்பமோ வெட்டினால் தகடு நெளிந்ததுபோலத் தோன்றும். வெண்ணிறக் காரில் இது அதிகம் உறுத்துவதில்லை. கருநிறக் காரில் ஒளிப்பதற்கு இடமேயில்லை. ஆகவே காரைப் படமெடுப்போர் முதலிற் கற்கும் பாடம் காரைப் பார்ப்பதன்று, காரில் தெரியும் உலகை அகற்றுவது. அவ்வாறு அகற்றப்பட வேண்டியவருள் முதலாமவர் படம்பிடிப்பவரே.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில் (1867) பண்ட வழிபாட்டை விளக்கவந்தவிடத்துப் பார்வையை உவமையாகக் கொள்கிறார். ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி நமது கண் நரம்பைத் தூண்டும்போது, அத்தூண்டலை நரம்பின் நிகழ்வாகவன்றி வெளியேயுள்ள பொருளின் வடிவமாகவே கொள்கிறோம். ஆயினும் பார்வையில் உண்மையான பௌதிக உறவொன்று இருக்கிறது, பண்ட வடிவத்தில் அதுவும் இல்லை, மனிதரிடையேயான உறவே பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். காரின் நிழற்படத்தில் இவ்விரண்டும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்துள்ளன என்பது எமது கருத்து. தகட்டில் மனிதர் உண்மையாகவே தெரிகின்றனர். அவர்களை அங்கிருந்து நீக்குவதற்கு ஒரு தொழிற்கலையே உருவாகியுள்ளது.

நீக்குவதற்கு வேண்டியது யாது? முதலாவதாக வெற்றிடம். நான்கு புறமும் எதுவுமற்ற சமதரை கிடைக்குமாயின் காரில் வானமும் தரையும் மட்டுமே தெரியும். பெரிய விளம்பரக் கலைக்கூடங்கள் இவ்வெற்றிடத்தைக் கட்டடத்துக்குள்ளேயே உண்டாக்கின. சுவரும் தரையும் சந்திக்கும் மூலை தெரியாதவாறு வளைத்துக் கட்டப்பட்ட வெண்ணிற மண்டபம். காருக்கு மேலே காரைவிடப் பெரிய வெண்துணி விரிப்பு. அதற்கும் மேலே விளக்குகள். அந்தத் துணியின் விளிம்பே காரின் தோளில் ஓடும் அழகிய வெள்ளிக்கோடாகப் படத்தில் விழுகிறது. கோட்டை உயர்த்தவோ தாழ்த்தவோ விரும்பினால் காரைத் தொடவேண்டியதில்லை; துணியைச் சரித்தாற் போதும். வெளியிற் படமெடுப்போர் இதே பயனைச் சூரியன் மறைந்த பின்னரான வானத்திலிருந்து பெறுவர். அப்போது வானம் முழுவதும் நிழலற்ற ஒரே விளக்காகிவிடுகிறது.

ஐரோப்பிய, அமெரிக்கக் கைநூல்கள் இந்த அந்திப்பொழுதைப் பெரிதும் விதந்துரைக்கின்றன. அந்நாடுகளின் கோடையில் அந்தி நெடுநேரம் நீடிக்கும். கொழும்போ வட அகலக்கோடு ஏழு பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளது. இங்கு சூரியன் கடலுக்குள் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும். அது மறைந்தபின் படமெடுக்கத்தக்க வெளிச்சம் இருபது நிமிடங்களளவே நிற்கும். நண்பகலிலோ நிலைமை வேறுவிதம். ஏப்ரில் முற்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி, செப்ரெம்பர் தொடக்கம் ஆகிய நாட்களிலும் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். கூரையும் பொனற்றும் கண்ணைக் கூசச்செய்ய, கதவுகள் இருண்டுகிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து மூடிய வானமே கொழும்பின் ஏழைப் படப்பிடிப்பாளனுக்கு இயற்கை அளித்த வெண்துணி விரிப்பு என்று கூறலாம். அதற்குக் கூலியில்லை. ஆனால் எந்நேரமும் மழை வரும்.

வில்லை பற்றிய விடயம் இதனினும் முக்கியமானது. அகலக் கோண வில்லையை அருகில் வைத்து எடுத்தால் முன்பகுதி பருத்தும் பின்பகுதி சூம்பியும் கார் உருக்குலையும் என்பதையும், நீண்ட குவியத் தூரமுள்ள வில்லையைத் தொலைவிலிருந்து பயன்படுத்தினால் அதன் அளவுப் பொருத்தம் காக்கப்படும் என்பதையும் எல்லாக் கைநூல்களும் கூறும். உண்மையில் உருவ அமைப்பைத் தீர்மானிப்பது தூரமே. வில்லை அத்தூரத்துக்கேற்பப் படத்தை வெட்டித் தருவது மட்டுமே. இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 4.5 மீற்றர் நீளமான காரொன்றைப் பக்கவாட்டில், இருபுறமும் சற்று இடம்விட்டு அடக்குவதற்கு 6 மீற்றர் அகலக் காட்சி வேண்டும். 36 மில்லிமீற்றர் அகலமுள்ள வழமையான பிலிம் சட்டகத்தில் இதனைக் கொள்ள, 200 மில்லிமீற்றர் வில்லையுடன் ஏறத்தாழ 33 மீற்றர் பின்வாங்க வேண்டும். 85 மில்லிமீற்றராயின் 14 மீற்றர். 50 மில்லிமீற்றராயின் 8 மீற்றருக்குச் சிறிது மேல். கைத்தொலைபேசியின் வழமையான வில்லை 26 மில்லிமீற்றர் அளவினதற்குச் சமமானது. அதற்கு நான்கரை மீற்றருக்குட்பட்ட தூரம் போதும்.

முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த முடுக்கில், எந்தத் தோட்டத்தில் ஒரு மனிதனுக்கு 33 மீற்றர் பின்வாங்க இடமுண்டு? கொழும்பு வடக்கின் ‘தோட்டம்’ என்னும் சொல்லைப் பிற இடத்துத் தமிழர் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடும். அது பூந்தோட்டமன்று, சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் தொகுதி. துறைமுகத்திலும் மீன்துறையிலும் பண்டகசாலைகளிலும் உழைத்தோர் தலைமுறைகளாய் வாழ்ந்த இடம். அங்கு நின்று எடுக்கப்படும் காரின் படம் மூக்குப் பருத்துத்தான் இருக்கும். அதனைக் கண்டு ‘எடுக்கத் தெரியாதவன் எடுத்த படம்’ என நகைப்போர் உளர். அவர்கள் நகைப்பது ஒருவனுடைய திறமைக் குறைவையன்று, அவனுக்கு நிலமில்லாமையை. அழகியல் விதியாகக் கைநூலிற் காணப்படும் குவியத் தூரம் இங்கு நிலவுடைமைப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

காரின் நிழற்படம் தொடக்கத்திலேயே இவ்வாறு மனிதரற்றதாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளுக்குரிய படங்கள், எந்நாட்டினவாயினும், பெரிதும் ஒரே அமைப்புடையன. கார் முழுப் பக்கவாட்டில் நிற்கும். உடைமையாளர் தொப்பியுடன் அதில் அமர்ந்திருப்பார். சாரதியோ ஏவலாளனோ அருகில் நிற்பான். கமரா முக்காலியில், கண் மட்டத்தில், போதிய தூரத்தில். குதிரை வண்டியை உடைமையாளருடன் சேர்த்துத் தீட்டிய மரபின் தொடர்ச்சி இது. இலங்கையில் ஓட்டோமொபைல் சங்கம் 1904இல் தோன்றியது. தோட்டத்துரைமாரும் கொழும்பு வணிகரும் நிலவுடைமையாளருமே கார் வைத்திருந்த காலம் அது. அக்காலத்தில் 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே கம்பனி போன்றவை கப்பற் பிரயாணிகளுக்கு விற்ற அஞ்சலட்டைகளில் ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் தென்னையுமே விரும்பிக் காட்டப்பட்டன. ஆளுவோன் காரிற் செல்வான். ஆளப்படும் நாடு மாட்டுவண்டியில் அசையும். ஒரே தெருவில் ஓடிய இரு வாகனங்கள் இருவேறு படமரபுகளுக்குள் பிரித்துவைக்கப்பட்டன. லயனல் வென்ட் (1900–1944) இந்நாட்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞர் என்பதில் ஐயமில்லை. உடலையும் ஒளியையும் அவர் நோக்கிய நோக்கு அஞ்சலட்டைக்காரரின் நோக்கன்று. ஆயினும் அவருடைய புகழ்பெற்ற படங்களிலும் இலங்கை பெரும்பாலும் எந்திரத்துக்கு முந்திய நாடாகவே தோன்றுகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

காரோடு வேகம் என்ற பொருள் படத்துக்குள் நுழைந்தமைக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி கூறப்படுவது பிரான்சியரான ழாக் ஹென்றி லார்த்திக் ஓர் ஓட்டப் பந்தயத்தில் எடுத்த படம். அவர் அப்போது இளைஞர். செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆறாம் இலக்கக் கார் சட்டகத்தின் வலப்புறத்தாற் பாதி வெளியேறிவிட்டது. அதன் பின்சில்லு முன்னோக்கிச் சரிந்து நீள்வட்டமாயிருக்கிறது. பின்னால் நின்ற பார்வையாளரும் கம்பங்களும் எதிர்ப்புறமாகச் சாய்ந்துள்ளனர். கமராவின் சட்டர் ஒரு பிளவாக மேலிருந்து கீழாக ஓடியதும், அவ்வேளை அவர் கமராவைக் காரோடு திருப்பியதுமே இச்சாய்வுக்குக் காரணங்கள். படத்தின் ஒவ்வொரு கிடைக்கோடும் ஒவ்வொரு கணத்துக்குரியது. லார்த்திக் அதனைப் பழுதான படமென ஒதுக்கிவைத்தார். நியூயோர்க் நவீனகலை அரும்பொருளகம் 1963இல் அவர் படங்களைக் காட்சிப்படுத்திய பின்னரே அது உலகப் புகழ் பெற்றது. பழுது புகழாவதற்கு அரை நூற்றாண்டு இடைவெளியும் வேகத்தை விற்கும் ஒரு பொருளாதாரமும் தேவைப்பட்டன.

ஆயினும் நமது விடயத்தில் திருப்புமுனையான ஆண்டாக 1927ஐயே கொள்ளவேண்டும். அவ்வாண்டு போர்ட் கம்பனி தனது ‘ரி’ மாதிரிக் காரைக் கைவிட்டு ‘ஏ’ மாதிரியை வெளியிட்டது. அதனையொட்டிய பிரசாரத்துக்காகச் சார்ள்ஸ் ஷீலர் என்னும் ஓவியர் மிச்சிக்கனிலுள்ள ரிவர் ரூஜ் ஆலையைப் படமெடுக்க அமர்த்தப்பட்டார். எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உழைத்த இடம் அது. ஷீலர் ஆறு வாரங்கள் அங்கு தங்கி எடுத்தவற்றுள் தெரிந்தெடுக்கப்பட்டவை முப்பத்திரண்டு படங்கள். ஒன்றையொன்று வெட்டும் காவுபட்டைகள், புகைபோக்கிகள், அழுத்துபொறிகள் என அவை தேவாலய ஓவியங்களின் அமைதியுடன் நிற்கின்றன. தொழிலாளர் காணப்படும் இடங்களிலும் பொறியின் அளவைக் காட்டும் அளவுகோலாகவே காணப்படுகின்றனர். ஆலையின் உற்பத்திப் பொருளான காரையும் அவர் காட்ட முயலவில்லை. சில ஆண்டுகளின் பின் பேட்டோல்ட் பிரெக்ட், ஒரு பெரிய ஆலையின் நிழற்படம் அந்நிறுவனத்தைப் பற்றி ஏறக்குறைய எதனையும் கூறாது, மனித உறவுகள் ஆலைக்குள் ஒடுங்கி மறைந்துவிட்டன எனும் பொருள்பட எழுதினார். 1931இல் வால்டர் பெஞ்சமின் நிழற்படத்தின் வரலாறு குறித்த தமது சிறு கட்டுரையில் அதனை எடுத்தாண்டார். இருவரும் ஜெர்மனிய ஆலைகளை மனத்திற்கொண்டே பேசினர். எனினும் ஷீலரின் படங்களுக்கு அக்கூற்று அச்சொட்டாகப் பொருந்தும்.

அதே ரூஜ் ஆலைக்கு வேறொரு படமும் உண்டு. 1937 மே 26ஆம் நாள் ஆலை வாயிலின் மேம்பாலத்தில் துண்டுப்பிரசுரம் வழங்கவந்த தொழிற்சங்கத்தவர்களான வால்டர் ரூதர், ரிச்சார்ட் பிராங்கன்ஸ்ரீன் முதலியோரைப் போர்ட் கம்பனியின் அடியாட்கள் தாக்கினர். டெட்ரோயிட் நியூஸ் பத்திரிகையின் கமராக்காரர் ஜேம்ஸ் கில்பாற்றிக் அதனைப் படம்பிடித்தார். அடியாட்கள் தட்டுகளைக் கேட்டபோது அவர் கொடுத்தவை வெற்றுத் தட்டுகள். படம் விழுந்த தட்டுகள் அவருடைய காரின் பின்னாசனத்துக்குக் கீழே பத்திரமாயிருந்தன. காருக்கும் கமராவுக்கும் இடையிலான உறவு இதைவிடச் சிறப்பாக அமைந்த சந்தர்ப்பம் வேறில்லை எனலாம். அதே ஆண்டு பெப்ரவரியில் மார்கிரட் பேர்க்-வைட் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் எடுத்த படம் ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. மேலே பெரிய விளம்பரப் பலகை: புன்னகைக்கும் வெள்ளைக் குடும்பம் காரில் நம்மை நோக்கி வருகிறது, உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத்தரம் என்ற பெருமிதத்துடன். அதன் கீழே வெள்ளத்தால் வீடிழந்த கறுப்பின மக்கள் கூடையும் வாளியுமாக நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கின்றனர். பேர்க்-வைட் செய்தது பெரிய தந்திரமன்று. பலகையையும் வரிசையையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கப் போதுமான தூரத்தில் நின்றார், அவ்வளவே. விளம்பரக்காரன் வெட்டித் தள்ளுவதை அவர் வெட்டாது விட்டார்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். இன்ன கோணம் முற்போக்கானது, இன்ன கோணம் பிற்போக்கானது என்று பட்டியலிடும் போக்கு நமது விமரிசகரிடையே சில வேளைகளிற் காணப்படுவதுண்டு. சோவியத் கலைஞர் அலெக்சாண்டர் ரொட்சென்கோ 1920களின் பிற்பகுதியில் வழமையான ‘தொப்புள்’ மட்டத்துப் பார்வையைப் பழைமையானதெனக் கருதி, மேலிருந்தும் கீழிருந்தும் படமெடுத்தார். மொஸ்கோவின் ஆமோ மோட்டார் ஆலையை 1929இல் அவர் எடுத்த படங்கள் இதற்குச் சான்று. ஆனால் நிலத்தோடு நிலமாகக் கமராவை வைத்துச் சில்லையும் முகப்பையும் பேருருவாக்கும் அதே கீழ்க்கோணம், பின்னர் அமெரிக்கக் கார் விளம்பரத்தின் அன்றாட மொழியாயிற்று. கோணத்துக்கு வர்க்கமில்லை, அதனைப் பயன்படுத்துவோருக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின் பின்னும் நெடுங்காலம் அமெரிக்கக் கம்பனிகள் நிழற்படத்தை முழுமையாக நம்பவில்லை. 1959 முதல் 1971 வரை பொன்ரியாக் கார்களுக்கு ஆர்ட் பிற்ஸ்பாற்றிக், வான் காவ்மன் ஆகியோர் வரைந்த விளம்பரங்களில் கார்கள் உண்மையிலும் அகன்று விரிந்து கிடந்தன. கமரா அத்துணைப் பொய்யை இலகுவிற் கூறாது. அதே 1959இல் வொல்க்ஸ்வாகன் விளம்பரத்தில் சிறிய காரொன்றின் எளிய நிழற்படம் வெற்றுத் தாளின் மூலையில் அச்சாகியபோது, நிழற்படத்தின் ‘உண்மை’யே விற்பனைக்குரிய பண்பாயிற்று. அதன் பின்னர் கமராவுக்கும் தூரிகையின் வேலைகள் கற்பிக்கப்பட்டன. முன்சில்லைத் திருப்பி அதன் முகம் தெரியச் செய்தல், முன்புறமும் பக்கமும் சேர்ந்து தெரியும் முக்காற்கோணத்தில் நிறுத்தல், முனைவாக்க வடிகட்டியால் முன்கண்ணாடியின் பளபளப்பை அடக்குதல் என்பன பொதுவிதிகளாயின. அவ்வடிகட்டி கண்ணாடியிலும் மேற்பூச்சிலும் குறித்த சாய்விலேயே வேலைசெய்யும். வெறும் உலோகமாகிய குரோமியத்தில் அது பலிக்காது. பழைய கார்களின் பம்பரில் படப்பிடிப்பாளனின் முக்காலி இன்றும் சிறிதாய்த் தெரிவது அதனாலேயே.

இத்தொழிலின் மிக விந்தையான முறையொன்றை இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. பெருவேகத்திற் பாயும் கார். தெரு கோடுகளாய்க் கரைந்தோட, காரோ மாசுமறுவற்றுக் கூராய் நிற்கும். இத்தகைய படங்களை எல்லோரும் பார்த்திருப்பர். இவற்றுட் பல எடுக்கப்பட்ட விதம் வருமாறு: காரின் உடலோடு நீண்ட குழாயொன்றைப் பொருத்தி, அதன் நுனியிற் கமராவைக் கட்டுவர். எஞ்சின் அதிர்ந்தாற் படம் கலங்கும். ஆகவே எஞ்சினை நிறுத்திவிடுவர். சட்டர் சில செக்கன்கள் திறந்திருக்க, இரண்டொருவர் காரைப் பின்னாலிருந்து கையால் மெல்லத் தள்ளுவர், நடை வேகத்தில். பின்னர் குழாயையும் அதன் தெறிப்பையும் படத்திலிருந்து அழித்துவிடுவர். தள்ளியவர்களும் எங்கும் தெரியார். குதிரைவலுவின் படம் மனிதவலுவால் ஆனது. மார்க்ஸியம் பயிலும் மாணவருக்கு உபரி உழைப்பை விளக்க இதனினும் நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை என்று வகுப்பறையில் நான் கூறுவதுண்டு. (மாணவர் சிரிப்பர், பின்னர் காரைத் தள்ளிய அனுபவங்களைக் கூறத்தொடங்குவர்.) இப்போது பல கம்பனிகள் கணினியிலேயே காரை வரைந்து தெருப் படத்தில் ஒட்டிவிடுவதால், தள்ளுவோருக்கும் வேலையில்லாது போயிற்று.

இனி நமது மக்களின் படங்களுக்கு வருவோம். 1960களிலிருந்து அன்னியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியபோது, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்க்கப்பட்டு ஓடின. கார் வாங்குதல் நடுத்தர வர்க்கத்தில் ஒரு குடும்ப நிகழ்ச்சி. புதிய கார் முதலிற் கோயிலுக்குச் செல்லும். முகத்துவாரம் காளி கோயில் வாசலிலும் கொட்டாஞ்சேனைக் கோயில்களிலும் இன்றும் காணலாம்: பொனற்றில் சந்தனமும் குங்குமமும், முகப்பில் பூமாலை, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம். இறைவன் ஏறிவரும் இடபத்துக்கும் சிங்கத்துக்கும் உரிய ‘வாகனம்’ என்ற சொல்லே காருக்கும் வழங்குவது தற்செயலன்று. அவ்வேளை எடுக்கப்படும் படத்தில் கார் நேர்முகமாக நிற்கும். இலக்கத்தகடு முழுவதும் தெரியும். தகப்பன் கதவருகே, தாய் மறுபுறம், பிள்ளைகள் முன்னால், ஆச்சி உள்ளே. கமரா கண் மட்டத்தில். சூரியன் படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னே; எல்லோரும் கண்ணைச் சுருக்கியிருப்பர். விளம்பரக் கைநூலின் ஒவ்வொரு விதியும் இதில் மீறப்படுகிறது. ஆனால் இதற்கு வேறு விதியுண்டு. இது வழிபாட்டின் நேர்ப்பார்வை. சுவாமி வீதியுலாவில் நாம் எதிரே நின்று காணும் பார்வை. அதேவேளை இது சான்றுப் பத்திரமுமாகும்: இவர்கள் இன்ன இலக்கமுடைய காரின் உடைமையாளர். விளம்பரத்தில் மனிதரின்றிக் கார் இருக்கிறது. இங்கு காரினூடாக மனிதர் இருக்கின்றனர். இரண்டும் பண்டத்தை உயர்த்துவனவே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கூறுவது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

1980களில் இவ்வகைப் படத்துக்கு ஒரு சோகமான கிளை தோன்றியது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்த கடித உறைகளுக்குள், பனியில் நிறுத்தப்பட்ட காரொன்றிற் சாய்ந்து நிற்கும் இளைஞனின் படம் இருக்கும். அக்கார் எவருடையது என்பதை வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. தெருவில் நின்ற யாரோ ஒருவரின் கார் எனப் பின்னாளில் அவர்களே சிரித்துக்கொண்டு கூறியதைப் பல குடும்பங்களிற் கேட்டிருக்கிறோம். உணவுச்சாலையிற் கோப்பை கழுவிய கை அந்தப் பொனற்றின்மீது உடைமையாளனின் கையைப்போல வைக்கப்பட்டிருக்கும்.

அவர்களுட் பலரை அந்நாடுகளுக்கு அனுப்பியது 1983 ஜூலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, தெருவிற் கார்கள் மறிக்கப்பட்டன, பெற்றோல் எடுக்கப்பட்டது, கார்கள் கவிழ்த்துக் கொளுத்தப்பட்டன. பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. எஞ்சியுள்ள படங்களிற் கோணத் தெரிவு என ஒன்றைக் காண்பதரிது. மேல்மாடி யன்னலிலிருந்து, ஓடும் வாகனத்திலிருந்து, தெருவின் மறுகோடியிலிருந்து, நிற்க முடிந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை அவை. அவற்றிலுள்ள கார்களைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். எரிந்த தகட்டில் மேற்பூச்சு இராது. வெறும் இரும்பு சில நாட்களிலேயே துருவேறி மங்கிவிடும். அது வானத்தையும் தெறிப்பதில்லை, மனிதரையும் தெறிப்பதில்லை. கார் அங்குதான் முதன்முறையாக வெறும் பொருளாகத் தெரிகிறது. கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படங்கள் பல அவ்வீடுகளோடு எரிந்தன. சில குடும்பங்களில், இலக்கத்தகடு தெளிவாய்த் தெரிந்த அந்த நேர்முகப் படமே கார் இருந்ததற்கான ஒரே சாட்சியாக எஞ்சியது.

தொடக்கத்திற் கூறிய இளைஞரிடம் மீள்வோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார் பயணச் சாதனம் என்பதிலும் பார்க்கச் சேமிப்பாக, ஈடாக, சூதாட்டப் பொருளாக மாறிற்று. ரூபாயின் பெறுமதி வீழ்ந்த 2022இல் வாங்கிய விலையினும் கூடிய விலைக்குப் பழைய கார்கள் கைமாறின. வாங்குவோர் காரைக் காணுமுன் படத்தைக் கண்டனர். அதனால் உடைமையாளரும் தரகரும் மெக்கானிக்குமாகிய எல்லோரும் கார்ப் படப்பிடிப்பாளராயினர். விளம்பரக் கலைக்கூடத்தின் விதிகள் எவரும் கற்பிக்காமலே தெருவுக்கு இறங்கின: முக்காற்கோணம், திருப்பிய சில்லு, வெறுமையான பின்னணி. வெறுமையைத் தேடியே அவர்கள் கடற்கரைக்கு வந்தனர். கொழும்பு வடக்கில் ஒரு தொழிலாளி 33 மீற்றர் பின்வாங்கக்கூடிய பொதுநிலம் அதுவொன்றே.

இரண்டு நாட்களின் பின்னர் அவரை அதே இடத்தில் மீண்டும் கண்டேன். கார் அவருடையதன்று, மைத்துனருடையது. குத்தகைக் கடன் நிலுவையாகிவிட்டது, இந்த மாதத்துக்குள் விற்றாக வேண்டும் என்றார். வானம் மூடியிருந்தது, நல்ல வெளிச்சம். எடுத்த படத்தைக் காட்டினார். மூக்குப் பருக்கவில்லை; தொடுவானக் கோடு கதவின் குறுக்கே நேராக ஓடியது. பின்கதவில் மட்டும், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, ஒரு சைக்கிளும் அதன் பின்னாற் கட்டிய மீன்பெட்டியும் அதனைப் பிடித்தபடி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரும் விரல்நகத்தளவில் தெரிந்தனர். “இதை அழிக்க ஏலும், ஐயா. ஆனா அழிச்சா அந்த இடத்தில ஏதோ நெளிவு மாதிரித் தெரியுது. அடிபட்ட கார் எண்டு நினைப்பினம்” என்றார். சிறிது நேரம் பெரிதாக்கியும் சுருக்கியும் பார்த்துவிட்டு, படத்தை அப்படியே அனுப்பினார்.